கோணல் நட்சத்திரம்: குழந்தையின் கைவினையும் பெரியோரின் கைத்திருத்தமும்

டிசெம்பர் மாதம் பிறந்ததும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்குகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை புறக்கோட்டையில் விலைகொடுத்து வாங்கப்பட்டவை, மின்விளக்கால் ஒளிர்பவை, ஐந்து முனைகளும் அளவு பிசகாதவை. ஒரு சில மட்டும் வீட்டிலேயே கட்டப்பட்டவை. மூங்கிற் சிலாகைகளை நூலாற் பிணைத்து, மெல்லிய ரிசூக் கடதாசியைக் கோதுமை மாப் பசையால் ஒட்டிச் செய்யப்படும் இவற்றில் ஒரு முனை நீண்டும் மற்றொரு முனை குறுகியும் இருத்தல் இயல்பு. நத்தார்ப் பண்டிகையை ஒட்டிப் பெரியோர் குழந்தைகளோடு இருந்து செய்யும் நட்சத்திரம், கடதாசிச் சங்கிலி, வாழ்த்து மடல், பாலன் குடில் முதலிய எளிய கைவேலைகள் ஒழுக்கவியல் ஆராய்வோரின் கவனத்துக்கு உரியனவாகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை. ஆயின், மெய்யியலின் பழைய வினாக்கள் சில, பெருநூல்களிற் காட்டிலும் இத்தகைய சிறு வேலைகளிடத்தே தெளிவாகத் தோன்றுவதுண்டு.

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டை மனத்திற் கொள்க. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தாயோடு இரண்டு மாலைப் பொழுதுகள் இருந்து ஒரு நட்சத்திரம் கட்டுகிறாள். சிலாகையொன்று விரற்கடையளவு குறைந்துவிட்டது. கடதாசி சுருங்கி ஒட்டியிருக்கிறது. அதன்மேற் பசைக்கை பட்ட அடையாளமும் உண்டு. எனினும் நட்சத்திரம் முகப்பில் ஏற்றப்படுகிறது. சிறுமி மகிழ்ந்து உறங்கச் செல்கிறாள். அன்றிரவு தாய் அதனை இறக்கி, குறைந்த சிலாகையை மாற்றி, பழைய கடதாசியை உரித்து, புதிய கடதாசி ஒட்டி, முன்போலவே தொங்கவிடுகிறாள். காலையில் எழுந்த சிறுமி நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்கிறாள்:

“அம்மா, இது நான் செய்ததோ?”

“ஓம் பிள்ளை, நீ செய்ததுதான்.”

தாய் செய்தது தவறா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

இதனை ஒரு வினாவாக எடுப்பதே நகைப்புக்கு இடமானது எனச் சிலர் கூறக்கூடும். திருடியவர் எவருமில்லை, இழந்தவரும் இல்லை, அன்பினாற் செய்த ஒரு சிறு காரியம், அவ்வளவுதான் என்பர். காரியம் சிறிது என்பது உண்மையே. ஆனால் ஒழுக்கவியலிற் சிறிய எடுத்துக்காட்டுகளுக்கு ஒரு பயன் உண்டு. கொலை, களவு, கையூட்டு முதலியவற்றை ஆராயும்போது தண்டனையும் இலாபமும் ஊரார் சினமும் வந்து கலந்து பார்வையை மறைக்கின்றன. இங்கு அவை ஒன்றுமில்லை. எஞ்சி நிற்பன ஒரு கேள்வியும் ஒரு விடையும் மட்டுமே. கேட்டவள் குழந்தை, விடை கூறியவள் அவளுக்கு உலகிலே மிகவும் நம்பத்தகுந்தவள். வேறு மூன்று நான்கு விடைகள் கூற வழியிருந்தும் அவள் இந்த ஒன்றைத் தேர்ந்தாள்.

வீட்டிற் செய்வதே நல்லது, கடையில் வாங்குவது தீயது என்னும் வழக்கமான வாதத்தை இங்கு எடுக்க வேண்டியதில்லை. அவ்வாதத்திலும் உண்மை உண்டு. 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பின் கழிவுகளாற் குவிந்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் சமய, சமூக விழாக்களின் அலங்காரத்துக்குப் பொலித்தீன் பயன்படுத்துதல் தடைசெய்யப்பட்டது. கடதாசியும் மூங்கிலும் மண்ணோடு மண்ணாகும், பிளாத்திக்கு ஆகாது. ஆயினும், வீட்டில் நட்சத்திரம் கட்டுவோர் அனைவரும் சூழலைக் கருதிக் கட்டுபவர் அல்லர். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாயிருந்த காலத்திலும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போதும் பல வீடுகளில் கைவேலை பெருகியதற்குக் காரணம் பணமும் பொருளும் இன்மையே. வறுமையினாற் செய்வதை அறமென்று போற்றுவது வறியவரை ஏளனஞ் செய்வதற்கு ஒப்பாகும். எனவே வாங்குவதா செய்வதா என்பதன்று வினா. செய்வதென்று தொடங்கிய பின்னர், செய்யப்பட்ட பொருள் யாருடையது என்பதே வினா.

அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் ஆறாம் நூலில் ஆக்கம், செயல் என இரண்டை வேறுபடுத்துவார். ஆக்கத்தின் நோக்கம் அதற்குப் புறத்தே உள்ளது. வீடு கட்டுபவனுக்கு வீடு முடிதல் வேண்டும். செயலின் நோக்கமோ செயலேயாகும். நன்றாக வாழ்தல் வேறெதற்கும் வழியன்று. இவ்வேறுபாட்டைக் கொண்டு நோக்கின் தாயின் மனநிலை தெளிவாகிறது. அவள் நட்சத்திரத்தை ஆக்கமாக மட்டும் கண்டாள். ஆக்கமென்று கொண்டால் அளவுகோல் முடிந்த பொருளே. அவ்வளவுகோலின்படி கோணலைத் திருத்துதல் சரியே. அதே அளவுகோலின்படி, இரண்டு மாலைகளைச் செலவிடாமற் கடையில் வாங்கியிருத்தல் அதனினுஞ் சரியாகும். அங்ஙனம் வாங்காமற் குழந்தையோடு அமர்ந்து செய்யத் தொடங்கியபோதே தாய் வேறோர் அளவுகோலை ஏற்றுக்கொண்டாள். பகலில் ஏற்ற அளவுகோலை இரவில் மாற்றிக்கொண்டாள் என்பதே அவள்மேற் சாரும் முதற் குற்றம்.

இனி, எதிர்ப்புறத்தாரின் கூற்று வேறு. குழந்தை எதைச் செய்தால் என்ன, செய்வதன் மகிழ்ச்சியே போதும், பொருள் எப்படியிருந்தாலும் ஒன்றுதான் என்பர் இக்காலத்து முன்பள்ளிக் கல்வியாளர் பலர். வியன்னாவில் 1897ஆம் ஆண்டளவிற் சிறுவருக்கான ஓவிய வகுப்பைத் தொடங்கிய பிரான்ஸ் சிசெக் என்பாரின் வழிவந்த கருத்து இது. குழந்தையின் ஓவியத்தைப் பெரியோர் ஓவியத்தின் குறைப்பிரதியாகக் காணலாகாது என்று அவர் வற்புறுத்தியது பெரும்பணி என்பதில் ஐயமில்லை. எனினும் அக்கருத்து மலிந்து வழங்கும்போது அதில் ஒரு பொய் புகுந்துவிடுகிறது. சிறுமி விளையாட்டுக்காகக் கடதாசி கிழிக்கவில்லை. அவள் நட்சத்திரம் கட்டினாள். முகப்பிலே தொங்கவேண்டும், கீழே தெருவில் நின்று பார்ப்பவர்க்குத் தெரியவேண்டும் என்பது அவள் கருத்து. ஒரு முனை குறைந்திருப்பதும் அவளுக்குத் தெரியும். பெரியோருக்குத் தெரிவதற்கு முன்பே பெரும்பாலும் குழந்தைக்கு அது தெரிந்துவிடுகிறது. “எப்படியிருந்தாலும் அழகுதான்” என்று சொல்பவர் அவளுடைய கருத்தை மதித்தவராகார். கோணலை ஒளித்துத் திருத்துபவரும், கோணலே இல்லையென்று புகழ்பவரும், குழந்தை உண்மையைத் தாங்கமாட்டாள் என்னும் ஒரே எண்ணத்தினர்.

வள்ளுவர் மக்கட்பேற்றைக் கூறுமிடத்துப் பெற்றோர்க்குத் தம் மக்களின் சிறுகை துழாவிய கூழ் அமிழ்தினும் மிக இனிது என்பர். இக்கருத்தை மேற்கோள் காட்டாத தமிழாசிரியர் இலர்; ஆயினும் அதன் நுட்பம் போதிய அளவு நோக்கப்படவில்லை. கூழ் நன்றாகக் காய்ச்சப்பட்டது என்று வள்ளுவர் கூறவில்லை. சிறுகை துழாவியதாற் சுவை கூடிற்று என்று எல்லார்க்கும் பொதுவாகவும் கூறவில்லை. தம் மக்கள் என்று வரையறுக்கிறார். பக்கத்து வீட்டாருக்கு அது சிந்திய கூழே. இனிமை பொருளில் இல்லை. பொருளுக்கும் அதைத் தொட்ட கைக்கும், அக்கைக்கும் உண்பவர்க்கும் உள்ள உறவில் இருக்கிறது. அவ்வாறாயின், துழாவிய கூழைக் குழந்தை காணாதவாறு கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சி வைப்பவர், கூழைச் சீர்செய்தவராகலாம். வள்ளுவர் கூறிய இனிமையையோ அவர் தமக்குத் தாமே இல்லாமற் செய்துகொண்டார். தாய் உரித்தெறிந்த கடதாசியிற் பசைக்கை பட்ட அடையாளம் இருந்தது என்பதை நினைவிற் கொள்க.

அதே வள்ளுவர் வாய்மை அதிகாரத்திற் குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தது என இடங்கொடுக்கிறார் என்று தாயின் சார்பில் ஒருவர் வழக்குரைக்கலாம். ஜேர்மன் மெய்யியலாளர் காண்டு 1797இல் எழுதிய கட்டுரையொன்றில், கொலைஞனிடங்கூடப் பொய் கூறலாகாது என்று வாதித்தார். வள்ளுவர் அத்துணைக் கடுமையர் அல்லர். வழக்கு நல்ல வழக்கே. ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனையை நோக்கவேண்டும். வெறும் நன்மையன்று, குற்றமற்ற நன்மையே அங்கு வேண்டப்படுவது. இங்கு விளைந்த நன்மை யாது? குழந்தை மகிழ்ந்தாள் என்பர். ஆனால் அவள் முதல்நாள் இரவே, கோணலான நட்சத்திரத்தைக் கண்டே, மகிழ்ந்துதான் உறங்கினாள். புதிய மகிழ்ச்சி எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது வேறொருவருக்கு. நட்சத்திரம் தொங்கிய இடம் வீட்டின் உட்புறமன்று. தெருவை நோக்கிய முகப்பு. எதிர்மாடியில் இருப்பவர் காண்பர், பண்டிகைக்கு வரும் உறவினர் காண்பர் என்னும் நினைவு தாயின் கையை எவ்வளவு இயக்கியது என்பதை அவளே அறிவாள். அந்நினைவு சிறிதேனும் இருந்திருப்பின் நன்மை குற்றமற்றது ஆகாது. தாயைக் கடிந்துரைக்க இதனைக் கூறுவதன்று. பிள்ளைகளை ஊரார் கண்கொண்டு பார்க்கும் வழக்கம் கொழும்புத் தமிழ் நடுத்தர வகுப்பார்க்குப் புதிதன்று.

பொய் சிறிதாயினும், அதனாற் குழந்தை எதையும் இழக்கவில்லை என்பதும் ஆராய்தற்குரியது. 2012இல் நோர்ட்டன், மோச்சன், ஏரியலி என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு உதவும். தாமே மடித்த கடதாசி உருவங்களுக்கு மடித்தவர்கள் கைதேர்ந்தவர் செய்தவற்றுக்கு நிகரான விலையை மதித்தனர். அவற்றையே பிறர் கசங்கிய கடதாசியினும் சற்றே மேலானவையாகக் கண்டனர். ஆராய்ச்சியாளர் இதற்குத் தளபாடக் கம்பனியொன்றின் பெயரால் ‘இக்கியா விளைவு’ எனப் பெயரிட்டனர். தம் படைப்பிடத்து ஒருவர்க்கு உண்டாகும் மிகையன்பை அரிஸ்டோட்டிலும் கூறியுள்ளார். கவிஞர் தம் பாட்டுக்களைப் பிள்ளைகளைப் போல் நேசிப்பர் என்பது அவர் கருத்து. ஆகவே இதிற் புதுமை பெரிதில்லை. புதியது மற்றொன்று. கட்டியதை மீண்டும் பிரித்துவிட்டாலோ, முடிக்காமல் விட்டாலோ அந்த மிகையன்பு மறைந்துவிட்டது என்பதும் அவ்வாய்விற் கண்டறியப்பட்டது. ஆய்வுக்கு உட்பட்டோர் வளர்ந்தவர்கள். ஆறு வயதுச் சிறுமிக்கு அதனை அப்படியே பொருத்துதல் கூடாது. எனினும் அவள் ஏன் அவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்தாள், ஏன் அவ்வாறு கேட்டாள் என்பவற்றுக்கு ஒரு விளக்கம் அதிற் கிடைக்கிறது. அவள் கண்டது தன் கையின் சுவடு நீங்கிய ஒரு பொருளை. அது தன்னுடையது என்று தாய் கூறினாள். தன் விரல்கள் வேறு கூறின. தாயை நம்புவதா, விரல்களை நம்புவதா என்னும் இக்கட்டு ஆறு வயதுக்குப் பெரிய இக்கட்டே.

பாடசாலைகளில் இந்நிலை இன்னும் கூர்மையடைகிறது. கைவேலைப் போட்டியென்று அறிவித்தால் மறுநாள் வகுப்பறைக்கு வருவன பிள்ளைகள் செய்தவை என்று ஆசிரியரும் நம்புவதில்லை, பெற்றோரும் நம்புவதில்லை. பிள்ளையின் ஒப்படையைத் தந்தை செய்கிறார். தந்தைக்கு நேரமில்லாவிடிற் பணம் பெற்றுச் செய்துகொடுப்போர் இருக்கின்றனர். பரிசு வழங்குவதாலும் கேடு உண்டு. 1973இல் லெப்பர், கிறீன், நிஸ்பெற் ஆகியோர் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து முன்பள்ளியில் நடாத்திய ஆய்வில், படம் வரைவதற்குப் பரிசு தரப்படும் என்று முன்கூட்டியே கூறப்பட்ட குழந்தைகள், சில நாட்களின் பின்னர்த் தாமாக வரைவதற்குச் செலவிட்ட நேரம் ஏனைய குழந்தைகள் செலவிட்டதில் ஏறத்தாழ அரைவாசியாக இருந்தது. எதிர்பாராது பரிசு பெற்றோரிடம் இக்குறைவு காணப்படவில்லை. பரிசுக்காகச் செய்ததாக எண்ணியவுடன், விரும்பிச் செய்த காரியம் வேலையாகிவிடுகிறது போலும். இரவில் நட்சத்திரத்தைத் திருத்திய தாய்க்கும், பணம் கொடுத்துப் பட்ட ஆய்வேட்டை எழுதுவித்துத் தன் பெயரைப் பொறிக்கும் மாணவனுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. ஒன்று மற்றொன்றில் முடியும் என்று கூறுவது மிகை. ஆனால் “இது நான் செய்ததோ?” என்று கேட்க வேண்டிய இடத்தில் அம்மாணவன் கேளாதிருப்பது எப்போது, எங்கே பழகியது என்று பல்கலைக்கழகத்தார் எண்ணிப் பார்ப்பதில் இழுக்கொன்றுமில்லை.

அப்படியாயின் பெரியோர் குழந்தையின் வேலையைத் தொடவே கூடாதா? அதுவும் பொருந்தாது. இங்கு ஆனந்த குமாரசுவாமியை நினைவுகூர்தல் தகும். 1877இற் கொழும்பிற் பிறந்து, இலங்கையின் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்துக்குத் தலைவராயிருந்து, நாடெங்கும் சென்றபோது அழிந்துகொண்டிருந்த கைவினைகளைக் கண்ட அவர், 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். கம்மாளர் வீட்டுப் பிள்ளை தந்தையின் பட்டறையிலே கற்கிறான். மரபுக் கோலங்களைத் திரும்பத் திரும்ப வரைந்து கைபழகுகிறான். தன் மனம் போனவாறு செய்யுமாறு அவனிடம் எவரும் சொல்வதில்லை என்பது அவர் காட்டும் சித்திரம். சிசெக்கின் வகுப்பறைக்கும் இப்பட்டறைக்கும் வெகு தொலைவு. பட்டறையிற் பிழை பிழையே. தந்தை திருத்துகிறார், சில வேளை கடுமையாகவும் திருத்துகிறார். ஆனால் மகன் உறங்கிய பின்னர் அன்று. மகன் பார்த்துக்கொண்டிருக்கையில், அவன் கையிலுள்ள உளியைக்கொண்டே திருத்துகிறார். திருத்தப்பட்டது பொருள் மட்டுமன்று, கையும் கூட. வெள்ளவத்தைத் தாயிடத்து இல்லாதது இதுவே. அவள் நட்சத்திரத்தைத் திருத்தினாள். சிறுமியின் கையோ இருந்தபடியே இருந்தது.

கைவேலையிற் பல கைகள் சேர்வது இழுக்கன்று என்பதற்குச் சான்று வேறெங்கும் தேடவேண்டியதில்லை. களனி விகாரையைச் சூழ்ந்த ஊர்களில் வைகாசிப் பூரணைக்குச் சில நாட்களின் முன்னர்ச் சென்று பார்ப்பவர் இதனை அறிவர். வெசாக் கூடு கட்டுவோர் பயன்படுத்துவதும் இதே மூங்கிற் சிலாகை, இதே கடதாசி, இதே பசையே. அண்ணன் சிலாகை சீவுகிறான், தம்பி நூல் பிடிக்கிறான், அயல்வீட்டுப் பையன் கடதாசி நறுக்குகிறான். யார் கட்டியது என்று கேட்டால் “நாங்கள்” என்பது விடை. அவ்விடையிற் பொய் இல்லை. கொட்டாஞ்சேனையிற் கூடும் நட்சத்திரமும் ஒரே தெருவில் அவ்வவ் மாதங்களில் ஏறுகின்றன. அங்கு 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று பௌத்த ஊர்வலத்தாருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலகம் மூண்டதையும், அதன் பின் எழுந்த முயற்சிகளால் 1885இல் வெசாக் பூரணை அரச விடுமுறையானதையும் அறிந்தவர்க்கு, சிலாகையும் பசையும் சமயம் கேளாமல் வீட்டுக்கு வீடு செல்வது சிறு வியப்பைத் தரும்.

நட்சத்திரமும் தொடக்கத்தில் இவ்வாறு கற்கும் கைகளிலேயே பிறந்தது. கிறித்தவ உலகிற் பெயர்பெற்ற பலமுனைக் கடதாசி நட்சத்திரம், ஜேர்மனியின் நீஸ்கி என்னும் ஊரில் மொறேவியத் திருச்சபையாரின் பாடசாலையில் 1830களிற் கேத்திரகணிதப் பாடத்தின் பயிற்சியாகத் தோன்றியது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரிற் பட்டறை வைத்து அதனை விற்பனைக்குச் செய்யலாயினர். பாடசாலையிற் கோணம் தவறினால் ஆசிரியர் காட்டிக்கொடுத்திருப்பார். மாணவன் மீண்டும் மடித்திருப்பான். விலைக்கு வந்த நட்சத்திரத்திலோ தவறு இருக்க இடமில்லை. கடைப் பொருளின் நேர்த்தியை வீட்டுப் பொருளிடத்தும் எதிர்பார்க்கும் கண், அதற்குப் பின்னர் வந்த கண்.

பாலன் குடிலின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே. 1223ஆம் ஆண்டு நத்தார் இரவில் இத்தாலியின் கிறேச்சியோ என்னுமிடத்துப் புனித அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையுமே. சலவைக்கற் சிலைகள் பிற்காலத்தன. கொட்டிலிற் பிறந்த குழந்தையின் கதையைக் கூறுவதற்குக் கசங்கிய பொதிக் கடதாசியாலான பாறையும், ஒருபுறம் சாய்ந்த கூரையும் பொருந்தாதவை என்று எவரும் சொல்லமுடியாது. கோவாவிற் குடிலின் புல்வெளிக்காகக் குரக்கன் முதலிய தானியங்களை முன்கூட்டியே விதைத்து முளைக்கவைப்பதுண்டு. பெரியோர் இரவில் எழுந்து திருத்தமுடியாத வேலை அது ஒன்றுதான். முளைக்காத மூலை முளைக்காத மூலையாகவே இருக்கும்.

இரண்டு கைகள் ஒரு வேலையிற் பொய்யின்றிச் சேர்வதற்குத் தமிழ் வீடுகள் நெடுங்காலம் அறிந்த வடிவம் ஒன்று உண்டு. விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது பெரியவர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் முதலெழுத்தை எழுதுவிக்கிறார். அவ்வெழுத்து யாருடையது? குழந்தையினுடையது மட்டுமென்று எவரும் கூறார். பெரியவருடையது மட்டுமென்றும் கூறார். குழந்தைக்கும் அது தெரியும்; தன் விரலின்மேல் இன்னொரு கையின் அழுத்தத்தை அவள் உணர்கிறாள். அகரம் நேராக வருகிறது, ஆனால் ஏமாற்று இல்லை. சிலாகை குறைந்ததைக் கண்ட அக்கணமே தாய் “பிள்ளை, இந்த முனை கட்டையாய்ப் போச்சுது, வேறு சிலாகை வெட்டுவமோ?” என்று கேட்டிருக்கலாம். குழந்தை ஆம் என்றிருந்தால் இருவரும் வெட்டியிருப்பர். கையைப் பிடித்து வெட்டியிருந்தாலும் மறுநாட் காலையில் “இது நான் செய்ததோ?” என்னும் கேள்வி எழுந்திராது. வேண்டாம் என்றிருந்தால் கோணல் கோணலாகவே தொங்கியிருக்கும். அதனைத் தாங்க வேண்டியவள் தாய்.

இவ்வளவு கூறியும் தீராத இடங்கள் உண்டு. களைத்துப்போன குழந்தை “நீங்களே செய்யுங்கோ, அம்மா” என்று சிலாகையை நீட்டுமாயின் தாய் வாங்கிச் செய்வது தவறாகாது. அது கொடுக்கப்பட்ட வேலை. ஆனால் எத்தனை முறை வாங்கலாம்? எதிர்மாடியில் ஒளிரும் வாங்கிய நட்சத்திரத்தைக் கண்டு தன் நட்சத்திரத்துக்கு வெட்கி, அதைக் கழற்றிவிடும்படி குழந்தையே அழுதால் யாது செய்வது? வெட்கம் வேண்டாமென்று அறிவுரை கூறுவதாலே அது நீங்கிவிடாது. மூங்கில் காணாத மாடிவீடுகளில், வாங்கிய சிலாகையையும் வாங்கிய பசையையும் கொண்டு, அச்சிட்ட படிமுறையைப் பார்த்து ஒட்டுவதைக் கைவினை என்று கொள்வதா என்பதும் ஒரு கேள்வி. வெட்டி நறுக்கிய உறுப்புகளைப் பெட்டியிலிட்டு விற்கும் கடைகள் பெருகியிருக்கின்றன. அவற்றிற் கோணல் வருவதற்கு வாய்ப்புக் குறைவு. எனவே தாய் இரவில் எழவேண்டியதில்லை. அது குழந்தைக்கு இலாபமா நட்டமா என்பது எளிதிற் சொல்லக்கூடியதன்று.

தாயின் விடைக்கே மீண்டால், அவள் காலையிலேனும் உண்மையைக் கூறியிருக்கலாம். “இரவு நான் கொஞ்சம் திருத்தினேன் பிள்ளை, முதல் ஒட்டின கடதாசி இந்தா இருக்கு” என்று உரித்த கடதாசியை எடுத்துக் காட்டியிருப்பின், சிறுமி சினந்திருப்பாள், ஒருவேளை அழுதிருப்பாள். சினப்பதற்கு உரியவளாக அவளை நடாத்துவதும் ஒரு மதிப்பே. ஆனால் கடதாசி அதற்குள் குப்பைக்குப் போய்விட்டது. பொய் கூறவேண்டும் என்று எண்ணித் தாய் அதனை எறிந்தாளில்லை. எறிந்துவிட்டபடியாற் பொய் கூற நேர்ந்தது.

பண்டிகை முடிந்து சனவரி ஆறாந் திகதி மூவரசர் திருநாள் கழிந்ததும் நட்சத்திரங்கள் இறக்கப்படுகின்றன. பல வீடுகளில் அவை பழைய சேலையொன்றிற் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைக்கப்படும். திருத்தப்படாத ஒரு நட்சத்திரம் அவ்வாறு வைக்கப்பட்டதென்று கொள்வோர், அடுத்த டிசெம்பரில் அதை எடுத்துப் பார்க்கும் சிறுமியையும் எண்ணிப் பார்க்கலாம். அவளுக்கு அப்போது ஏழு வயது; கத்தரிக்கோல் பிடிக்கக் கை பழகியிருக்கும். எந்தச் சிலாகை குறைந்தது என்பதை அவளே கண்டுபிடித்து, அடிமட்டத்தால் அளந்து, வேறு வெட்டிக் கட்டக்கூடும். கட்டாமல் அப்படியே தொங்கவிடும்படி கேட்கவுங்கூடும்.